விசில் ஊதியவரை ஏற்றிய பஸ்சு

1

இந்த ஊரில் ஒரு மேடுகூடக் கிடையாது. பஸ்சை நியூட்ரலில் விட்டாலும் அப்படியே நிற்கும். எந்தப் பக்கமும் உருளாது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஓட்டிய எனக்கு வந்த புதிதில் இது ஒரு குறையாகவே இருந்தது. ரோடு நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. கோடையில் பச்சை. குளிர்காலத்தில் வெட்டிப்போட்ட தட்டையும் அதன்மேல் பனியும். ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய இடம் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

நான் ஓட்டுவது மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்சு. காலையும் சாயங்காலமும் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது தினப்படி சோலி. அது போக, பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணியும் பேண்டு வாத்தியக்காரப் பிள்ளைகளும் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது கூட்டிப்போய்க் கூட்டிவருவதும் நான்தான். குளிர்காலம் முழுக்க இதுதான் என் பிழைப்பு.

என் மகள் நஸ்ரின் அதே பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு. பெண்கள் அணியில் ஆடுகிறாள். ஆண்கள் ஆட்டமென்றால் பேண்டில் உட்கார்ந்து ட்ரம்பெட் ஊதுகிறாள். சின்னப் பள்ளிக்கூடம், பிள்ளைகள் கொஞ்சம். அதனால் இன்றைக்குப் பந்து அடிப்பவள்தான் நாளைக்கு ஊதுபவள். இரண்டுக்கும் என் பஸ்சில்தான் வரவேண்டும். ஏறும்போது மற்றப் பிள்ளைகளைப்போல "ஹாய், மிஸ்டர் கே" என்று சொல்லிவிட்டு நேராகக் கடைசி சீட்டுக்குப் போய்விடுவாள். காதர் என்ற பேரில் முதல் எழுத்து மட்டும்தான் இந்த ஊருக்குள் வந்து சேர்ந்தது. தலைக்கு மேலிருக்கும் பெரிய கண்ணாடியில் அவளுடைய உச்சந்தலை தெரியும். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளையை நான் அதிகமாகப் பார்ப்பது அந்தக் கண்ணாடியில்தான்.

போன வாரம் அந்த பஸ்சு என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

2

போடியிலிருந்து என் அக்கா மாப்பிள்ளை அப்பாஸ் மச்சான் வாராவாரம் போன் போடுவார். ஊருக்கு மறுபடி ரயில் வந்ததையும் ஏலக்காய் விலையையும் சொல்லி முடித்துவிட்டு, "அப்பறம் மாப்ளே, புள்ள என்ன செய்யுது?" என்பார்.

"பேண்டு வாசிக்குது மச்சான்."

"பேண்டுன்னா? கல்யாணத்துக்கு முன்னாடி சரிகைச் சட்டை போட்டுக்கிட்டு ஊதிக்கிட்டுப் போவாய்ங்களே, அதா?"

"கிட்டத்தட்ட அதுதான். கல்யாணத்துக்குப் பதிலா கூடைப்பந்து."

"அதுக்குக் காசு குடுப்பாங்களா?"

"நாமதான் வாத்தியத்துக்குக் காசு குடுக்கணும்."

"என்னடா இது கூத்தா இருக்கு. நம்ம புள்ள ஊதுறதுக்கு நம்மளே காசு குடுக்குறதா?"

அவருக்கு விளக்கியது இது. இந்த ஊரில் ஒரு பெட்ரோல் பங்கு, ரெண்டு சர்ச்சு, ஒரு மருந்துக் கடை, தானியம் கொட்டி வைக்கும் உயரமான கோபுரங்கள். இதையெல்லாம்விடப் பெரிய கட்டடம் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கு. ஆட்டம் இருக்கும் நாளில் மருந்துக் கடைக்காரர் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிடுவார். வயதானவர்கள் உட்காரும் மெத்தையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வருவார்கள். மூலையில் பேண்டு பிள்ளைகள். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் அடித்து ஊதிக் கூரையைத் தூக்குவார்கள். எதிரணிக்காரன் பந்தைத் தவறவிட்டால் நீளமான இழுப்பு வாத்தியம் ஒன்றை வைத்துக்கொண்டு 'வூஊஊம்' என்று மேலிருந்து கீழே இழுத்து அழுதுகாட்டுவார்கள். நடுவர் விசில் ஊதினால் ஊரே எழுந்து நின்று ஏசும். மறுநாள் சர்ச்சில் அதே ஆட்கள் பூனைமாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் மட்டும் கத்தியதில்லை, கை தட்டியதும் இல்லை. டிரைவர் என்றால் வாசல் பக்கம் நிற்க வேண்டும், பாதி ஆட்டத்தில் வெளியே போய் இன்ஜினைச் சூடேற்ற வேண்டும். வண்டிக்காரனுக்குப் பக்கம் கிடையாது என்பது நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

3

ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜீப்பில் கிளீனர், பிறகு டிரைவர். அதற்குப் பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, பம்பாயில் ஓட்டல் அடுப்படி, சவுதியில் தண்ணீர் லாரி. சவுதியில்தான் கம்பத்துக்காரியான ரஹ்மத்தை எனக்குப் பேசி முடித்தார்கள். அவள் அங்கே நர்சு. அமெரிக்காவில் இந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்சு கிடைக்காமல் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன்.

முதலில் கிடைத்தது வான்கோழி ஆலை. குளிர் அறையில் நின்று தொங்கி வருகிற கோழியை வெட்ட வேண்டும். சாயங்காலம் சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் மடங்காது, ரஹ்மத்தான் கழற்றிவிடுவாள். பஸ்சு லைசென்சு பரீட்சை இங்கிலீஷில். பலமுறை தோற்றேன். அப்போது நஸ்ரின் சின்னப்பிள்ளை. பாடப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வாத்தியார்மாதிரி கேள்வி கேட்பாள். "அத்தா, ரயில் கேட்டுல எத்தன அடிக்கு முன்னாடி நிப்பாட்டணும்? சொல்லுங்க, வெரசா!" அவள் வாயில் தமிழ் இருந்த காலம் அது.

இதுவரை எந்த வேலையும் என்னைப் போகச் சொன்னதில்லை. அதற்கு முன்பே நான் கிளம்பிவிடுவேன். ஒரு இடத்தில் ரெண்டு வருசம் இருந்தால் கால் அரிக்கும். இந்த மஞ்சள் பஸ்சில் ஏறிய பிறகுதான் அந்த அரிப்பு நின்றது. காரணம் சம்பளம் இல்லை. அந்தக் கண்ணாடிதான்.

4

போன சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் அணிக்கு முக்கியமான ஆட்டம். தோற்றால் அந்த வருசம் அத்தோடு முடிந்தது. வேறொரு ஊர் அரங்கில் வைத்திருந்தார்கள். முன் சீட்டுகளில் ஆட்டக்காரப் பிள்ளைகள், நடுவில் பேண்டு, சந்திலெல்லாம் வாத்தியப் பெட்டி. கோச்சம்மா என்று நான் மனதுக்குள் கூப்பிடும் பயிற்சியாளர் எனக்குப் பின் சீட்டில்.

ஆட்டம் கடைசிவரை சமமாகப் போனது. சில நொடிகள்தான் பாக்கி. எதிரணிப் பெண் ஒருத்தி கூடையை நோக்கிப் பாய்ந்தாள். நஸ்ரின் குறுக்கே எழும்பிப் பந்தைத் தட்டினாள். தட்டிய பந்து எங்கள் பேண்டுக்காரர்கள் மடியில் போய் விழுந்தது. ஊரே துள்ளிக் குதித்த அந்த நேரத்தில் விசில். கோடு போட்ட சட்டைக்கார நடுவர் அவளை நோக்கிக் கை காட்டினார். ஃபவுல். அவளுக்கு அது ஐந்தாவது. ஐந்தானால் வெளியே போய் உட்கார வேண்டும். எதிரணிப் பெண் இலவசமாகக் கிடைத்த பந்தைக் கூடைக்குள் போட்டாள். ஒரு புள்ளியில் தோற்றோம். நஸ்ரின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பனி கொட்ட ஆரம்பித்தது. காற்று வயலில் கிடந்த பனியையும் வாரி ரோட்டில் போட்டது. பஸ்சுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். மாடு நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு கார் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஓர் ஆள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையை உயர்த்தினார். கோட்டு காற்றில் விலகியபோது உள்ளே கறுப்பும் வெள்ளையும் கோடுபோட்ட சட்டை.

5

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும், சாயங்காலம் இறங்கும். கடைசியாக இறங்குகிற ஜீப்புக்காரன் ரோட்டில் கை காட்டுகிற எவரையும் விட்டுவிட்டு வரக்கூடாது. பின்னால் வேறு வண்டி கிடையாது. மஞ்சு மூடினால் முன்னால் நிற்பது யானையா பாறையா என்று தெரியாது. அதனால் ஆள் யாரென்று பார்ப்பதில்லை. இடமிருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. மேலே தொற்றிக்கொள்ளட்டும்.

ஒருநாள் காலை ஸ்டாண்டில் எனக்கும் தேவாரத்து முத்துவுக்கும் லோடு விஷயத்தில் சண்டை. எந்தத் தோட்டத்து ஆட்களை யார் ஏற்றுவது என்று. சட்டை கிழிந்தது. அன்று சாயங்காலம் நான்தான் கடைசி வண்டி. மேலே ஒரு வளைவில் அவன் ஜீப்பு ஆக்சில் உடைந்து கிடந்தது. அவன் கையைக் காட்டினான். என்னைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுக்கொண்டான். நான் நிறுத்தி, "ஏறு" என்றேன். வண்டியிலிருந்த அக்கா ஒருத்தி, "ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ரோட்டப் பாக்காம விட்டுறாதீங்கப்பா, எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றாள். அடிவாரத்தில் முந்தல் வரைக்கும் அவன் பேசவில்லை. அங்கே இறங்கினதும் ஜன்னலில் குனிந்து சொன்னான்: "நாளைக்கும் அந்த லோடு எனக்குத்தான்."

நன்றியெல்லாம் கிடையாது. எதிர்பார்த்து ஏற்றுவதும் கிடையாது.

6

பனியில் நடுவரின் கை உயர்ந்ததும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கை கதவு விசைக்குப் போனது. நடுவில் மூளைக்குச் சோலியே இல்லை.

கோச்சம்மா எழுந்துவிட்டார். இங்கிலீஷில் நடந்த பேச்சை நான் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்; என் காதில் அப்படித்தான் விழுகிறது.

"மிஸ்டர் கே, என்ன பண்றீங்க? வெளியாள ஏத்தக் கூடாது. ஆபீசுக்கு ரேடியோவுல சொல்லுங்க. போலீசு வந்து பாத்துக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நடுவர் படியில் ஏறி நின்றுவிட்டார். அறுபது வயதிருக்கும். புருவத்தில் பனி. பஸ்சு முழுக்க யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தார்.

"அய்யோ" என்றார். "நான் கார்லயே இருந்துக்கிறேன்."

"உக்காருங்க" என்றேன்.

முதல் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. பிறகு பின்னாலிருந்து அந்த இழுப்பு வாத்தியம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, 'வூஊஊஊம்' என்று இறங்கியது.

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கோச்சம்மா திரும்பி, "யாரது? உள்ள வைங்க அத!" என்று அதட்டினார்.

"இருக்கட்டும்மா" என்றார் நடுவர். "அரங்குல இதவிட மோசமாக் கேட்டேன். இது சுருதியாவது சேந்துருக்கு."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். முரசு அடிக்கிற பெண் தைரியமாகக் கேட்டாள்: "சார், உண்மையச் சொல்லுங்க. அது ஃபவுலா?"

நான் கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி சீட்டில் குளிர்கோட்டால் தலையை மூடியிருந்தாள் நஸ்ரின்.

"இந்தக் குளிர்ல, உங்க வண்டியில உக்காந்துக்கிட்டு, இல்லன்னு சொன்னாத்தான் எனக்கு நல்லது" என்றார் அவர். "ஆனா அது ஃபவுல்தாம்மா."

"ஊஊ!" என்று ஏசினார்கள். "எறக்கி விடுங்க மிஸ்டர் கே!" என்று ஒருத்தன் கத்தினான். அவரும் சேர்ந்து சிரித்தார். தன் ஊரில் விதைக் கடை வைத்திருப்பதாகவும், ஆட்ட நாளில் அங்கேயும் வந்து ஏசுவார்கள் என்றும் சொன்னார். அடுத்த ஊர் பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டேன். கையைக் குலுக்கினார். வான்கோழி ஆலையில் என் கை இருந்ததுபோல அவர் கை இருந்தது.

பள்ளிக்கூடம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு நஸ்ரின் கடைசியாக வந்தாள். என் சீட்டருகே நின்றாள். பஸ்சுக்குள் அவள் தமிழ் பேசுவதே இல்லை. அன்று பேசினாள்.

"நீங்க எல்லாரையும் ஏத்திக்குவீங்க அத்தா. எம்பக்கம் ஒருநாளாச்சும் நின்னுருக்கீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள். திட்டுவதற்காவது தமிழ் வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வலித்தது.

7

பிள்ளைகள் போனில் படம் எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. பாதிப் பேருக்குச் சிரிப்பு. ஒரு பெண்ணின் அப்பா மட்டும் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிட்டார்: 'என் மகள் இருக்கிற பஸ்சில் முன்பின் தெரியாத ஆம்பளையை ஏற்றலாமா?' நியாயமான கேள்வி. நானும் ஒரு பெண்ணின் அப்பன்தான். வண்டியில் அவர்கள் இருந்ததை நான் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் மலை வளைவில் நிற்கிற ஆளை மட்டும்தான் நினைத்தேன். மலையில் ஜீப்பில் ஏறுகிறவனை வண்டியிலிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இங்கே அப்படியில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச்சொல்லி போன் வந்தது. அதுவரை பஸ்சைத் தொடக் கூடாது.

ரஹ்மத் நைட் டூட்டி முடிந்து வந்து கேட்டாள். "வெரல் கருத்துப்போய் வர்றவங்கள நான் வாராவாரம் பாக்குறேன். நீங்க ஏத்துனது தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த ரேடியோவ எடுத்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"தோணல."

"தோணல, தோணலன்னே காலம் ஓடிருச்சு. மறுபடி வான்கோழிக்குப் போவீங்களா?"

"போகலாம்."

"போகலாம்ங்கிறீங்க. வேற ஊருக்குப் போகலாம்னு சொல்லிறாதீங்க. நான் வரமாட்டேன்."

அந்த நினைப்பு எனக்கு வந்தது நிஜம். அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நானே சாவியைக் கொடுத்துவிட்டால் மானம் மிஞ்சும். எப்போதும் செய்ததுதானே. ஆனால் சாவியைக் கொடுத்தால் அந்தக் கண்ணாடியையும் கொடுக்க வேண்டும். அந்தக் கதவைச் சாத்திய அறைக்கும் எனக்கும் நடுவில் வேறு வழி கிடையாது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வேலைக்காகக் காத்துக்கிடந்தேன்.

8

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், பஸ்சுகளுக்கு மேலாளரான அம்மா, ஓரமாகக் கோச்சம்மா. மேலாளரம்மா முன்பு பஸ்சு ஓட்டியவர்.

"ஏன் ரேடியோவுல கூப்பிடல?"

என் இங்கிலீஷ் அவசரத்தில் காலை வாரிவிடும். அதனால் நிதானமாக, கடைசி ஜீப்பு வழக்கத்தைச் சொன்னேன். மலை, மஞ்சு, யானை. யானை என்றதும் தலைமையாசிரியர் எழுதுவதை நிறுத்தினார். "நெசமாவே யானையா?"

"யானைதான். பஸ்சுக்கே வழிவிடாது."

மேலாளரம்மா சிரிக்கவில்லை. "மறுபடி இப்படி ஒருத்தர் கை காட்டினா என்ன செய்வீங்க?"

இனிமேல் நிறுத்த மாட்டேன் என்ற பதிலைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"நிறுத்துவேன். கதவத் தொறக்க மாட்டேன். மொதல்ல ரேடியோ."

அவர் கோச்சம்மாவைப் பார்த்தார். கோச்சம்மா சொன்னார்: "நான் வேண்டாம்னு சொன்னேன். கேக்கல. அதுக்காக எனக்கு இன்னும் கோவம். ஆனா என் புள்ளைங்கள இவரு பஸ்சுலதான் அனுப்புவேன்."

"நிறுத்தணும், எங்களக் கேக்கணும், நாங்க சரின்னா ஏத்தணும். விதி அதுதான். நீங்க நடுவுல இருக்கிறத விட்டுட்டீங்க" என்றார் மேலாளரம்மா. டிரைவர் பயிற்சி வகுப்பில் நான் ஒருநாள் உட்கார வேண்டும். இந்த சீசன் முடியும்வரை வெளியூர் ஆட்டங்களுக்கு வேறு டிரைவர். காலை, சாயங்காலம் என் பஸ்சு எனக்குத்தான்.

வெளியே வந்து என் பஸ்சைப் பார்க்கப் போனேன்.

பஸ்சுகள் நிற்கிற இடத்தில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு நேரம்.

"என்னாச்சு?" தமிழில்தான் கேட்டாள்.

"வண்டி இருக்கு. வெளியூர் ட்ரிப்பு மட்டும் கெடையாது."

அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்து வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்தா, நீங்க வாசக்கிட்டதான நின்னீங்க. கூடை உங்களுக்கு நேரா இருந்துச்சு. அது ஃபவுலா?"

"கை பட்டுச்சும்மா. மணிக்கட்டுல."

"எனக்குத் தெரியும். அடிச்ச எனக்குத் தெரியாதா?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்களாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல."

மணியடித்தது. போகிற போக்கில் திரும்பி, "நாளைக்குப் பசங்க ஆட்டம். நான் ஊதுறேன். பஸ்சுதான் ஓட்டக் கூடாது, கார்ல வரலாம்ல?" என்றாள்.

9

மறுநாள் நானும் ரஹ்மத்தும் காரில் போனோம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது அதுதான் முதல்முறை. வாசலைத் தாண்டியதும் என் கால் பழக்கத்தில் ஓரமாக நிற்கப் பார்த்தது. ரஹ்மத் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பேண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்த்தினாள். நஸ்ரின் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தபடி எங்களைப் பார்த்தாள். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள். அவள் ஊதுவதைக் கிட்டத்தில் கேட்டதில்லை. காது அடைத்துப் போனது. கன்னம் இரண்டும் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, என் பிள்ளை அவ்வளவு சத்தம் போடுவாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் பாதியில் எங்கள் பையன் ஒருவன் எதிரணிப் பையனை இடித்துத் தள்ளினான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தோளைக் கொடுத்து. நடுவர் விசில் ஊதினார். இது வேறொரு நடுவர், சின்ன வயசுக்காரர். ஊர் எழுந்து நின்றது. நஸ்ரின் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். இங்கிலீஷ் வரவில்லை.

"யோவ்! கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு? எங்க புள்ள என்னய்யா செஞ்சுச்சு?"

பேண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ரஹ்மத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நஸ்ரின் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் ஊத வேண்டிய இடம் வந்துவிட்டது. ஊத முடியவில்லை. உதட்டைத் துடைப்பாள், வைப்பாள், மறுபடி சிரிப்பாள்.

அது சரியான விசில்தான். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் உட்காரவில்லை.